பழைய டீசல் காருக்கு வேறு டர்போ: அறிகுறி பார்த்து முடிவெடுப்பது

ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு 2012 டிசையர் பட்டறைக்கு வந்தது. மேட்டில் இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. வேறோர் இடத்தில் காட்டியபோது டர்போ போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று விலையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வண்டிக்காரர் அந்தத் தாளைச் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்தார். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தேன். மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி, நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. விரலை எடுத்தால் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. ஹோஸை மாற்றியதும் மூன்றாம் கியரில் பழைய இழுவை திரும்பிவிட்டது. "அப்படியென்றால் டர்போ நன்றாகத்தான் இருக்கிறதா அண்ணா?" என்று அவர் மூன்று முறை கேட்டார்.

எஞ்சினின் புகை ஒரு விசையாழியைச் சுற்ற, அதே தண்டில் (ஷாஃப்ட்) இருக்கும் விசிறி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும், அதுதான் டர்போ. டர்போ போய்விட்டது என்ற பெயரில் வரும் வண்டிகளில் இரண்டு வகை உண்டு. டர்போ சாகவே இல்லாதவை ஒரு வகை. செத்துத்தான் போயிருக்கிறது, ஆனால் வேறெதுவோ கொன்றிருக்கிறது என்பவை இன்னொரு வகை. தானாக வயதாகிச் சாகும் டர்போவைப் பார்ப்பது அபூர்வம். ஆகவே கடைக்குப் போய் விலை கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையே இங்கே அதிகம்.

எடுத்துக்காட்டுக்கு ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 1248 சிசி. 2007இல் ஸ்விஃப்டில் டிடிஐஎஸ் என்ற பெயரில் வந்தது. டிசையர், ரிட்ஸ், புன்ட்டோ, லினியா, டாடாவின் விஸ்டா என்று பல வண்டிகளில் அதே எஞ்சின்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஓடுபவை எல்லாம் பழைய வண்டிகளே. இதில் 75 குதிரைத்திறன் கொண்டது ஒன்று, 90 கொண்டது ஒன்று. 75இல் இருப்பது சாதா டர்போ. அழுத்தம் மிஞ்சினால் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு திறந்து புகையை வெளியே விட்டுவிடும். எர்டிகா, சியாஸ், எஸ்எக்ஸ்4 ஆகியவற்றின் 90 வகையில் இருப்பது விஜிடி. விசையாழியைச் சுற்றியுள்ள சிறு இதழ்கள் திரும்பித் திரும்பிப் புகையின் வேகத்தை மாற்றும். உங்களுடையது எது என்பது தெரியாமல் கீழே போகாதீர்கள்.

பிக்கப் இல்லை, கரும்புகை வருகிறது

கரும்புகை என்றால் ஊற்றிய டீசலை எரிக்கப் போதுமான காற்று இல்லை. காற்று எங்கே குறைகிறது என்று வாசலில் இருந்து உள்ளே போக வேண்டும். முதலில் ஏர் ஃபில்டர். சிரிக்காதீர்கள், எலி கூடு கட்டிய ஃபில்டர் பெட்டியை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அடுத்து டர்போவில் இருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் இரண்டு ஹோஸ்கள். நிற்கும் வண்டியில் வெடிப்பு மூடிக்கொண்டிருக்கும், லோடு ஏறும்போதுதான் வாய் திறக்கும். கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் அரை பார் அழுத்தத்துக்குக் காற்று விட்டு, சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் நேரே விட்டால் இருக்கிற நல்ல ஹோஸும் போகும்.

ஹோஸ் சரி என்றால் இஜிஆர் வால்வு, அதாவது எரிந்த புகையில் கொஞ்சத்தை மட்டும் எஞ்சினுக்குத் திருப்பும் கதவு. அது கரி படிந்து திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் எரிந்த புகையே மறுபடி எஞ்சினுக்குள் வரும். அறிகுறி அச்சு அசலாக டர்போ போனது போலவே இருக்கும். கழற்றிச் சுத்தம் செய்வது அரை நாள் வேலை.

அடுத்து காற்றழுத்த சென்சார். இதற்கு வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் அளவைப் பாருங்கள். சென்னையில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77 அல்லது 78தான் காட்டும், அங்கே அதுவே சரி. சமவெளியில் நின்றுகொண்டு 80 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. பி0299 என்ற பிழைக் குறியீடு வந்தால் அழுத்தம் குறைவு என்றுதான் பொருள். டர்போவை மாற்று என்று பொருள் இல்லை. இந்த ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டு விற்கப்பட்ட டர்போக்கள் எத்தனையோ.

கடைசியாக வேஸ்ட்கேட். அந்தக் கதவைக் கம்பியால் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறு குழாயைக் கழற்றி, கைப்பம்பால் மெல்ல அழுத்தம் கொடுத்தால் கம்பி நகர வேண்டும். பம்பை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர்ப் படலம் கிழிந்திருக்கிறது. நகரவே இல்லை என்றால் கதவு துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. கம்பியில் இருக்கும் நட்டைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் அவரிடம் இருந்து ஸ்பானரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் திடீரென்று சக்தி போகிறது, நிறுத்திக் கிளப்பினால் சரியாகிறது

இது 90 வகைக்கே உரிய நோய். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடிப் பழகிய வண்டியில் விஜிடி இதழ்கள் கரியில் ஒட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஏற்றத்தில் மிதித்தால் இதழ் திறக்காமல் அழுத்தம் எகிறும். கணினி பயந்து சக்தியைக் குறைத்துவிடும். குறியீடு பெரும்பாலும் பி0234. சாவியை நிறுத்திப் போட்டால் கணினி மறந்துவிடும், அடுத்த மேடு வரைக்கும். கழற்றிக் கரியை எடுத்தால் பல டர்போக்கள் பிழைத்துவிடுகின்றன. இதழ்களின் அச்சு தேய்ந்து லொடலொட என்று ஆடினால் மட்டும் மாற்றுங்கள்.

சத்தம்

மெல்லிய விசில் டர்போவுக்கு இயல்பு. புஸ்ஸென்ற சீறல் என்றால் காற்றுக் கசிவு, மேலே சொன்ன ஹோஸுக்குத் திரும்புங்கள். மிதிக்க மிதிக்க ஆம்புலன்ஸ் சைரன் போல ஏறி, விட்டால் இறங்கும் ஓலம் இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். ஷாஃப்ட் ஆடி, விசிறி உறையில் உரசுகிறது. இந்தச் சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியவை. மூன்றரை சென்டிமீட்டர் அகல விசிறி அந்த வேகத்தில் சுற்றும்போது அதன் விளிம்பு ஒலியை விட வேகமாகப் போகிறது. அங்கே ஓர் இறக்கை உடைந்தால் துண்டு நேரே இன்டர்கூலருக்குள்ளும், அதைத் தாண்டினால் எஞ்சினுக்குள்ளும் போகும்.

நீலப்புகை, ஆயில் குறைகிறது

இங்கேதான் அவசர முடிவுகள் அதிகம் எடுக்கப்படுகின்றன. டர்போ ஆயில் சீல் போய்விட்டது என்பார்கள். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைக் காற்றழுத்தமும், ஆயில் தன் எடையாலேயே கீழே வடிந்துவிடுவதும் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே ஆயில் திரும்பும் குழாய் நசுங்கியிருந்தாலோ, கரியால் அடைத்திருந்தாலோ, எஞ்சினில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தாலோ, எஞ்சினின் அடிப்பாகத்தில் சேரும் காற்றை வெளியே விடும் கிராங்க் கேஸ் மூச்சுக்குழாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறியிருந்தாலோ நல்ல டர்போவும் ஆயிலைத் துப்பும். அந்த நிலையில் புதிய டர்போவைப் போட்டால் அதுவும் துப்பும். கடைக்காரர் மீது கோபம் வரும், அவர் மீது தவறு இருக்காது.

சோதனை எளிது. எஞ்சின் சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அதே வாயில் கவிழ்த்து வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. மூடி துள்ளிக் குதித்து, புகை குபுகுபுவென்று வந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு, அல்லது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ வாங்குவது வீண்செலவு.

இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்ப் படலம் இருக்கும். அது மூச்சுக்குழாய் வழியாக வருவது, எல்லா வண்டியிலும் உண்டு. ஹோஸைச் சாய்த்தால் ஆயில் ஊற்றாக வழிந்தால்தான் கவலைப்பட வேண்டும். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் நீலப்புகை கொத்தாக வந்து பின் மறைந்தால் சந்தேகம் டர்போ பக்கம் சாய்கிறது. காலையில் முதல் முறை கிளப்பும்போது மட்டும் வந்தால் வால்வு சீல்களையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டர்போ வழியாக ஆயில் தாராளமாக உள்ளே போனால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியை நிறுத்தினாலும் நிற்காது. அப்படி நடந்தால் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்து, ஐந்தாம் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்துங்கள். பானட்டைத் திறந்து கையை உள்ளே விடும் வீரம் வேண்டாம்.

கழற்றிய டர்போவைப் படிப்பது

ஏர் ஃபில்டர் பக்க ஹோஸை எடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது, விசிறியின் நடு நட்டை இரண்டு விரல்களால் பிடியுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் சிறிது ஆடும். ஆயில் வற்றியிருக்கும் நேரத்தில் அது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆட்டிக்கொண்டே சுற்றினாலும் விசிறி உறையில் எங்கும் தட்டக் கூடாது. பிறகு உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். இந்தத் திசையில் விரலுக்குத் தெரியும்படி டக்கென்று நகர்ந்தால் பேரிங் போய்விட்டது. முன்பின் ஆட்டத்தையும் பக்க ஆட்டத்தையும் குழப்பிக்கொண்டு நல்ல டர்போவைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

செத்தது உறுதி என்றால் எப்படிச் செத்தது என்று பாருங்கள். விசிறி இறக்கைகளின் முன்விளிம்பில் பொடிப்பொடியாகக் கொத்தியிருந்தால் மண் போயிருக்கிறது: ஃபில்டர் மலிவுச் சரக்கு, அல்லது பெட்டி மூடவில்லை. ஒரே ஓர் இறக்கை மடங்கியிருந்தால் நட்டோ வாஷரோ உள்ளே விழுந்திருக்கிறது. கடைசியாக வேலை பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும். ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் வரவில்லை. பேரிங்கில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயில் வந்திருக்கிறது, அழுக்கோடு வந்திருக்கிறது. இந்த எஞ்சினுக்கு மூன்று லிட்டர் சொச்சம் ஆயில்தான். அதை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றாமல் 20,000 வரை இழுத்த வண்டியில் டர்போவுக்கு ஆயில் கொண்டு வரும் மெல்லிய குழாயைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், பென்சில் அளவுத் துளை குண்டூசி அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

எதை வாங்குவது

டர்போவின் உறையில் ரிவிட் அடித்த சிறு தகடு இருக்கும். துணியால் துடைத்து, போட்டோ எடுங்கள். அந்த எண்தான் ஜாதகம். வண்டியின் பெயரும் ஆண்டும் சொல்லி வாங்கக் கூடாது என்பதற்கு இந்த எஞ்சினே சாட்சி. இதற்கு வரும் போர்க்வார்னர் டர்போக்களில், சாதா வகைக்கு கேபி35 என்றும் இதழ் வகைக்கு பிவி35 என்றும் பெயர். இரண்டின் எண்ணும் 5435 என்றே தொடங்கும். கடைசி நான்கு இலக்கங்களில்தான் வேறுபாடு. முதல் பாதியை மட்டும் பார்த்து எடுத்து வந்து, ஆக்சுவேட்டரைப் பொருத்த இடமில்லாமல் விழித்தவர்களை எனக்குத் தெரியும். தகடு கழன்று போயிருந்தால் எஞ்சின் எண்ணையும் பழைய டர்போவையும் சேர்த்தே கடைக்கு எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆயில் துளை நிற்கும் கோணம், சைலன்சர் பக்க முகத்தின் துளைகள், ஆக்சுவேட்டர் நிற்கும் பக்கம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள்.

75 வண்டிக்கு 90இன் டர்போவைப் போட்டால் சக்தி கூடும் என்று ஓர் ஆசை உலவுகிறது. 75இன் கணினிக்கு இதழ்களைத் திருப்பத் தெரியாது, அதற்கான கட்டுப்பாடே அதில் இல்லை. இன்னும் பெரிய எஞ்சினின் டர்போவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றிழுக்கும். 1.248 லிட்டர் எஞ்சின் 4000 சுற்றில் ஓடும்போது, டர்போ இல்லாமல் கணக்கிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர். 2000 சுற்றில் அதில் பாதி, 1,250. இந்த வண்டியின் உச்ச இழுவையான 190 நியூட்டன் மீட்டர் கிடைப்பது அந்த 2000 சுற்றில்தான். அந்தச் சிறு மூச்சில் எழுந்து சுற்றுகிற டர்போதான் இதற்கு வேண்டும். இரண்டரை லிட்டர் எஞ்சினுக்குச் செய்த டர்போ அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பேருந்துக்குப் பின்னால் கரும்புகை விட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

சரியான எண்ணில் வாங்குவதற்கு நான்கு வழிகள். பணம் இருந்து, வண்டியை இன்னும் ஐந்தாண்டு வைத்திருப்பதாக இருந்தால் அசல் புதியது. இதில் விவாதம் இல்லை.

என் பட்டறையில் அதிகம் நடப்பது இரண்டாம் வழி: உறைகளை வைத்துக்கொண்டு நடுப்பாகத்தை மட்டும் மாற்றுவது. கார்ட்ரிட்ஜ் என்பார்கள், சிலர் கோர் என்பார்கள். உறைகள் உரசாமலும் வெடிக்காமலும் இருந்தால் இது நல்ல தேர்வு. லாரித் தொழில் நிறைந்த நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அதிவேகத்தில் பாலன்ஸ் பார்த்த தாள் இருக்கிறதா? ஷாஃப்டை மட்டும் தனியாக மெதுவாகச் சுற்றிப் பார்ப்பது போதாது. முழு கார்ட்ரிட்ஜையும் ஆயில் ஓட விட்டு இயந்திரத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும். தாள் இல்லை, ஆனால் இருபது வருட அனுபவம் இருக்கிறது என்று சொன்னால், வணங்கிவிட்டு வேறு கடைக்குப் போங்கள். 2 லட்சம் சுற்றில் கண்ணளவு உதவாது. விஜிடியாக இருந்தால் இதழ்களின் திறப்பளவையும் இயந்திரத்தில் வைத்துச் சரிசெய்திருக்க வேண்டும். நடுப்பாகத்தை மட்டும் மாற்றி, இதழ் நிறுத்தத் திருகைக் குத்துமதிப்பாக வைத்தால், முன்னே சொன்ன மேட்டு நோய் புது டர்போவிலேயே வரும்.

மூன்றாவது, பெயர் தெரியாத புதிய டர்போ, பாதிக்கும் குறைந்த விலையில். சில ஓடுகின்றன. எது ஓடும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் நான் போடுவதில்லை. நான்காவது, சென்னைப் புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற இடங்களில் கிடைக்கும் பழையது. விபத்தில் அடிபட்டு உடைக்க வந்த வண்டியின் டர்போ அருமையாக இருக்கலாம். விரலால் ஆட்டிப் பார்க்கும் மேலே சொன்ன சோதனையை அங்கேயே செய்யுங்கள். ஆக்சுவேட்டர் கம்பியைப் பிடித்துத் தூக்கிக் காட்டும் கடையில் வாங்காதீர்கள். அது கைப்பிடி இல்லை.

பேரிங், வளையம் மட்டும் மாற்றும் ரிப்பேர் கிட் என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு. ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் அதில் பயனில்லை, ஷாஃப்ட் தேயாமல் பேரிங் மட்டும் போன டர்போவை நான் அதிகம் பார்த்ததில்லை.

பொருத்தும் நாள்

ஆயில் வரும் குழாயைச் சுத்தம் செய்து மறுபடி போடாதீர்கள், புதியது போடுங்கள். அதை மாட்டும், நடுவே துளையுள்ள பான்ஜோ போல்ட்டில் சிறு வலை வடிகட்டி இருந்தால் அதையும் மாற்றுங்கள். திரும்பும் குழாயைக் கம்பி விட்டுத் துழாவுங்கள். ஆயில் முகங்களில் சிலிக்கான் பசை தடவ வேண்டாம். பிதுங்கிய துணுக்கு உடைந்து துளைக்குள் போகும், கேஸ்கெட் மட்டும் போதும். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். பழைய டர்போ துப்பிய ஆயிலும் உடைந்த அலுமினியத் துகள்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் அன்றே புதிது.

மேல் துளையில் சிறிது ஆயில் ஊற்றி, விசிறியை விரலால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். பிறகு இணைப்புகளை மாட்டி, கிளப்பி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். இந்த நேரத்தில் உதவியாள் எவராவது ஒருமுறை மிதித்துப் பார்க்கத் துடிப்பார், அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். முதல் சில நிமிடம் வெண்புகையும் நீலமும் கலந்து வரும். சைலன்சரில் தேங்கிய பழைய ஆயில் எரிகிறது. அரை மணி நேரம் ஓடியும் அடங்காவிட்டால் மட்டும் திரும்பும் குழாயை மறுபடி பாருங்கள்.

நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தச் சொல்லி வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹோஸ் கிளிப்புகளை மறுபடி இறுக்க வேண்டும், ஆயில் கம்பியை எடுத்து அளவு பார்க்க வேண்டும், ஏர் ஃபில்டர் பக்க ஹோஸைக் கழற்றி அந்த நடு நட்டை இன்னொரு முறை உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும்.